மாட்டுப் பேச்சு இல்லாத ஞாயிறு

"ஒரே ஒரு நாள்தாம்மா. மாட்டைப் பத்தி வாயத் திறக்காம இரு. அப்பா கிட்டயும் சொல்லிடு," என்று பிரையனி போனில் சொன்னபோது, நெரிஸ் பியூ ஒரு கையில் போனையும் மறுகையில் பால்புட்டியையும் பிடித்துக்கொண்டு, தன் மேலங்கியின் நுனியைச் சப்பும் கன்றுக்குட்டியை முழங்காலால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

பிரையனி அவளுக்கு ஒரே மகள். பர்மிங்காமில் வக்கீல் அலுவலகம் ஒன்றில் வேலை. செப்டம்பரில் ஜூலியனோடு கல்யாணம். ஜூலியனின் அம்மா ஃபெலிசிட்டி இன்னும் சம்பந்தி வீட்டாரைப் பார்க்கவில்லை. அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக வின்தர்லி மாளிகைக்குப் போவதென்று ஏற்பாடு. எங்கள் பக்கத்தில் இரண்டு குடும்பங்கள் பழகிப் பார்க்க வேண்டுமென்றால், செத்துப்போன பிரபு யாருடைய வீட்டையாவது சுற்றிப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். யாரும் யாருக்கும் சமைத்துப் போட வேண்டாம். பேச்சு நின்றுபோனால் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொள்ளலாம். பிடிக்கவில்லையென்றால் மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம். இதைவிடத் தோதான ஏற்பாட்டை மனிதகுலம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

நெரிஸ் கோபப்படவில்லை. கோபப்படக்கூடிய ஆள்தான், ஒருமுறை தீவன வியாபாரியை முற்றத்திலிருந்து அவனுடைய லாரி வரைக்கும் பின்னாலேயே போய்த் திட்டியவள். ஆனால் பிரையனி பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் மற்ற பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டது அவளுக்குத் தெரியும். விடியற்காலையில் கறவைக்கு உதவி செய்துவிட்டு, இரண்டு முறை குளித்துவிட்டு, அப்படியும் வாசம் போகாமல் பஸ்ஸுக்காக நின்ற அந்தப் பெண்ணின் முகம் அவள் கண்ணிலேயே இருக்கிறது. அப்போது நெரிஸால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மாடு மாட்டு வாசம்தான் அடிக்கும். அதனால் இப்போது, "சரிடீ, மூச்சுக் காட்ட மாட்டேன்," என்று வாக்குக் கொடுத்தாள். கொடுத்த பிறகு நெஞ்சில் என்னவோ தைத்துக்கொண்டே இருந்தது. பிறந்ததிலிருந்து எதைச் செய்துகொண்டிருக்கிறோமோ அதை மறைத்து வைக்கச் சொன்னால் யாருக்குத்தான் தைக்காது?

அவளுடைய கணவன் டென்சில்தான் வாய்விட்டுப் புலம்பினான்.

"அப்ப நான் என்னத்தப் பேசுறது? எனக்குத் தெரிஞ்சது ரெண்டே விஷயம். ஒண்ணு மாடு. இன்னொண்ணு மழை."

"மழையப் பத்திப் பேசு."

"மழை பேஞ்சு மாசக்கணக்காச்சே!"

"அப்ப வாய மூடிக்கிட்டு சிரி."

"சிரிச்சா பல்லு தெரியும். பல்லைப் பார்த்தா மாட்டுக்காரன்னு கண்டுபிடிச்சிருவாங்க."

"யோவ், வண்டியக் கழுவு, போ."

வண்டியைக் கழுவினார்கள். இரண்டு நாள் கழுவினார்கள். வாசம் போகவில்லை.

வின்தர்லியின் வாகன நிறுத்தத்தில் பிரையனி இளமஞ்சள் கவுனும் மெல்லிய செருப்புமாகக் காத்திருந்தாள். பக்கத்தில் ஜூலியன், நெட்டையாக, வெயிலில் சிவந்துபோய். அவனுக்கு முன்னால் வைக்கோல் தொப்பி போட்ட ஒரு அம்மாள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தாள். ஃபெலிசிட்டி. நெரிஸின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். இரண்டாவது முத்தமும் உண்டென்று நெரிஸுக்குத் தெரியாததால் அது காதின் மேல் பதிந்தது.

"கடைசியில ஒரு வழியா உங்களப் பார்த்துட்டேன்! பிரையனி கிட்ட எத்தனை தடவை கேட்டாலும் 'கிராமத்துல கொஞ்சம் நிலம் இருக்கு'ன்னு சொல்றாளே தவிர, உங்களப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறா."

"பேச என்ன இருக்குங்க," என்றாள் நெரிஸ். கொஞ்சம் நிலம்! நூற்று நாற்பது கறவை மாடு நிற்கிற நிலம்.

ஃபெலிசிட்டி நல்லவள்தான். அதையும் சொல்லிவிட வேண்டும். பல் மருத்துவரின் விதவை, வாய் ஓயாது, ஆனால் அந்த வாயில் விஷம் கிடையாது. அந்த மாளிகையில் எந்த ஜன்னல் எப்போது வைத்தது, எந்தப் பிரபு எந்தப் படுக்கையில் செத்தார் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். டென்சில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பொருட்காட்சிக்கு வந்த போலீஸ்காரனைப் போல அவள் பின்னாலேயே நடந்தான். நூலக அறையில் கால் வலித்து ஒரு நாற்காலியில் உட்காரப் போனான். உட்காராதீர்கள் என்று எழுதி வைத்தால் மரியாதையாக இருக்காதே என்று நாற்காலியின் மேல் காய்ந்த முள்ளுப்பூ ஒன்றை வைத்திருந்தார்கள். டென்சில் அதைப் பார்க்கவில்லை. அவன் எழுந்த வேகத்தைப் பார்த்துவிட்டு அறையைக் காவல் காத்த கிழவர் மெதுவாக இருமினார்.

உணவறையில்தான் உண்மையான சோதனை. சுவர் முழுக்க ஒரு பசுவின் படம். மூன்றாவது பிரபு வளர்த்துப் பரிசு வாங்கிய பசு என்று ஃபெலிசிட்டி சொன்னாள். உடம்பு அலமாரி மாதிரி சதுரம்; அதற்குக் கீழே நாலு குச்சிக் கால்; தலை ஒரு கைப்பிடி அளவு.

"என்ன அழகான மாடு!" என்றாள் ஃபெலிசிட்டி.

டென்சிலின் கழுத்து நரம்பு புடைத்தது. "அந்தக் காலை வச்சுக்கிட்டு அது..." என்று ஆரம்பித்தான். நெரிஸ் அவன் விலாவில் கிள்ளினாள்.

"...ரொம்ப நல்லா நிக்குது," என்று முடித்தான்.

பிரையனி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா, கூசிப்போனாளா என்று நெரிஸுக்குத் தெரியவில்லை. கேட்கவும் முடியாது. காலையிலிருந்து மகள் தன் அருகில் வரும்போதெல்லாம் ஒரு கண்ணைத் தன் வாய் மீதே வைத்திருப்பதை அவள் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். பெற்ற பெண் நம்மைக் காவல் காப்பதைப் போல வயிற்றெரிச்சல் வேறு கிடையாது.

மதியச் சாப்பாட்டைக் குன்றின் மேலிருக்கும் கல்மண்டபத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றாள் ஃபெலிசிட்டி. மாளிகையைச் சுற்றியிருந்த மேய்ச்சல் நிலத்தின் வழியாகப் பாதை ஏறியது. வெயில் கொளுத்தியது. ஓக் மரங்களின் நிழலில் சிவப்புக் கிடாரிகள் இருபதுக்கு மேல் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. இன்னும் கன்று போடாத இளசுகள். எல்லாவற்றையும் முகர்ந்து பார்க்கத் துடிக்கும் வயசு. நெரிஸ் நேராகப் பாதையைப் பார்த்து நடந்தாள். பார்க்காமலே மூன்றுக்குக் குளம்பு வெட்ட வேண்டியிருக்கிறது என்று தெரிந்துகொண்டாள்.

பாதி வழியில் ஒரு கேட் அகலத் திறந்து கிடந்தது.

"பாருங்களேன் இந்த அநியாயத்தை!" என்று ஃபெலிசிட்டி நின்றாள். "யாரோ பொறுப்பில்லாதவங்க திறந்து போட்டுட்டுப் போயிருக்காங்க. கேட்டைச் சாத்தணும்னு சின்னப் பிள்ளையில இருந்து சொல்லிக் குடுத்தும்!"

இந்த நாட்டில் நகரத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள்: வயல்பக்கம் போனால் கேட்டைச் சாத்து. அது பாதி விதி. கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டுப் போ என்பதுதான் முழு விதி. அந்தக் கேட்டின் கீழ்க்கட்டையைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குக் காஞ்சொறி வளர்ந்து பின்னிக் கிடந்ததை நெரிஸ் ஒரே பார்வையில் பார்த்தாள். வாரக்கணக்காக யாரோ வேண்டுமென்றே திறந்து வைத்த கேட். இந்தப் பக்கம் இருந்த தண்ணீர்த் தொட்டியின் அடி வெடித்துக் காய்ந்திருந்தது. கேட்டைத் தாண்டிப் போன குளம்புத் தடமெல்லாம் கீழேயிருந்த குளத்தை நோக்கித்தான் போயிருந்தது.

ஃபெலிசிட்டி காஞ்சொறி கையில் படப்பட, "ஸ்... ஆ..." என்று இழுத்து அதைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கேட்டு..." என்றான் டென்சில்.

நெரிஸ் வாயைத் திறந்தாள். பிரையனி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சுகிற பார்வை, அந்தப் பழைய பஸ் முகம். நெரிஸ் டென்சிலின் காலை மிதித்தாள்.

"...நல்ல கனமான கேட்டு," என்றான் டென்சில்.

தாழ்ப்பாள் விழுந்தது.

மண்டபத்தில் ஃபெலிசிட்டி சால்மன் மீனும் ஸ்ட்ராபெரியும் பரப்பினாள். நெரிஸ் முட்டை சாண்ட்விச்சையும், பன்றிக்கறியை மாவில் பொதிந்து சுட்ட பண்டத்தையும், பிளாஸ்க் டீயையும் எடுத்து வைத்தாள். எல்லோரும் அந்தப் பன்றிக்கறிப் பண்டத்தைத்தான் தின்றார்கள். அதில்கூட அவளுக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. கீழே கிடாரிகள் ஒவ்வொன்றாக எழுந்து, சாத்திய கேட்டருகே போய் நின்றன.

"கால் மரத்துப்போச்சு. கீழ ஒரு நடை போயிட்டு வரேன்," என்று எழுந்தாள்.

"உட்காரும்மா, ப்ளீஸ்," என்றாள் பிரையனி மெல்ல.

உட்கார்ந்தாள். மகளுக்குக் கொடுத்த வாக்குக்கும், வாயில்லா ஜீவன்களின் தாகத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, பிளாஸ்க் மூடியைத் திருகித் திருகித் திறந்துகொண்டிருந்தாள். செய்தது தப்பு என்று அவளுக்கே தெரியும். அப்படியும் உட்கார்ந்துதான் இருந்தாள்.

அவர்கள் மறுபுறப் பாதையில் இறங்கி, ரோஜாத் தோட்டத்தை ஒட்டிய புல்தரையில் டீக்கு இடம்பிடித்தபோதுதான் வேலி முறியும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு அலறல். பிறகு, தோட்டத்துச் செடிவேலியின் இடைவெளி வழியாக ஒரு சிவப்புத் தலை. பின்னாலேயே இன்னொன்று. பின்னாலேயே மொத்தக் கூட்டமும். நடுவிலிருந்த நீரூற்றின் வாசம் அவற்றுக்குக் கிடைத்துவிட்டது.

புல்தரை முழுக்கக் குடும்பங்கள். ஜமக்காளம், குழந்தை வண்டி, கேக். ஒருவர் குடையை விரித்து விரித்து மூடினார். ஒரு அம்மாள் தொப்பியை வீசினாள். ஒரு நாய் தலைகால் புரியாமல் குரைத்தது. நிர்வாகத்துப் பெண் ஒருத்தி கையிலிருந்த வாக்கிடாக்கியில் "மாடு! மாடு!" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். கிடாரிகள் மிரண்டு, வட்டமாகச் சுற்றத் தொடங்கின. நீரூற்றின் விளிம்பில் ஒரு சின்னக் குழந்தை கேக்கும் கையுமாக உட்கார்ந்திருந்தது. ஜூலியன் ஒரு மரத்தின் பின்னால் போய்விட்டான்.

"நெரிஸ்," என்றான் டென்சில். "போகட்டுமா?"

நெரிஸின் கால் இரண்டும் ஓடத் துடித்தன. ஆனாலும் நின்றாள். கையைக் கவுன் பைக்குள் விட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மகளைப் பார்த்தாள். நீ சொல்லு என்பதுபோலப் பார்த்தாள்.

பிரையனி செருப்பைக் கழற்றி எறிந்தாள்.

ஓடவில்லை. ஓடக்கூடாது. இரண்டு கையையும் இடுப்புயரத்தில் விரித்து, வெறுங்காலோடு, தூங்கப்போகிறவளைப் போல நிதானமாக நடந்தாள். "ஹோ-ஓப்... ஹோ-ஓப்... வாங்க கண்ணுகளா... ஹோ-ஓப்..." அது நெரிஸின் குரல். முப்பது வருஷமாக நெரிஸ் விடியற்காலையில் கூப்பிடும் குரல், ஏற்ற இறக்கம் மாறாமல். பர்மிங்காம் வக்கீல் அலுவலகத்தில் இவ்வளவு காலமாக இந்தத் தொண்டை எங்கே ஒளிந்திருந்ததோ! ஒரு கையால் குழந்தையைத் தூக்கி அதன் அப்பாவிடம் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா! என்ன சிலையாட்டம் நிக்கிற? அந்தப் பக்கம் வா! அப்பா, வேலிக்குப் போங்க!"

அவ்வளவுதான். நெரிஸ் பறந்துவிட்டாள். இல்லை, பறக்கவில்லை, அவளும் நடந்துதான் போனாள், ஆனால் நடக்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. மூன்று பேரும் ஒரு வார்த்தை பேசாமல் முக்கோணமாக நின்றார்கள்.

"குடையக் கீழ போடுங்க சார்," என்றாள் பிரையனி கூட்டத்தைப் பார்த்து. "நாயைத் தூக்கிக்கோங்க. யாரும் அசையாதீங்க. முதல்ல குடிக்கட்டும். தாகத்துலதான் வந்திருக்கு. குடிச்சா தானா சொன்ன பேச்சு கேட்கும்."

குடித்தன. நீரூற்று பாதியாகும்வரை குடித்தன. கல் தேவதையின் முழங்காலை ஒன்று நக்கியது. ஒன்று பிரையனியின் மஞ்சள் கவுன்மேலேயே சாணி போட்டது. அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பிறகு அந்தக் குரல் மறுபடி எழுந்தது. கிடாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக, பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல, டென்சில் அகற்றிய வேலி வழியாக வெளியே போயின. புல்தரையில் யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டாதீங்கய்யா, மறுபடி மிரளும் என்று நெரிஸ் மனதுக்குள் திட்டினாள். திட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பண்ணைப் பொறுப்பாளர் ஜீப்பில் புழுதி பறக்க வந்து இறங்கினார்.

"எந்தப் புண்ணியவான் மேல் கேட்டைச் சாத்தினது? தொட்டி வெடிச்சுப்போச்சு, குளத்துக்குப் போகட்டும்னு திறந்து வச்சிருக்கேன். ஒரு குழந்தை மிதிபட்டிருந்தா என்ன ஆகும்?"

யாரும் பேசாமலே விட்டிருக்கலாம். நூறு பேர் நடந்த பாதை. ஆனால் ஃபெலிசிட்டி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது.

"நான்தான். திறந்து கிடந்துச்சு. நல்லது செய்யறதா நெனச்சு சாத்திட்டேன்."

நெரிஸுக்கு அவளை அப்போதுதான் முழுசாகப் பிடித்தது. ஃபெலிசிட்டி அவள் பக்கம் திரும்பினாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை, நொந்துபோன குரல்.

"நீங்க பக்கத்துலதானே நின்னீங்க? இப்ப பார்த்தேனே, உங்களுக்கு மாடுன்னா என்னன்னு தெரியுது. ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல? நான் கேட்டுக்க மாட்டேன்னா?"

உண்மையைச் சொன்னால் மகள் தலைகுனிவாள். அதுவும் வருங்கால மாமியார் முன்னால், இத்தனை பேர் முன்னால். நெரிஸ் ஒரு நொடிதான் யோசித்தாள்.

"நான் கவனிக்கலங்க," என்றாள்.

டென்சில் அவளைப் பேயறைந்தவனைப் போலப் பார்த்தான். கேட்டைக் கவனிக்காத பண்ணைக்காரி! அவளுடைய அப்பா உயிரோடிருந்து இதைக் கேட்டிருந்தால் நிலத்தை நாய்க்கு எழுதி வைத்திருப்பார். பொறுப்பாளர்கூட அவளை ஏளனமாக ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை அவள் வாங்கிக்கொண்டாள்.

"பொய்," என்றாள் பிரையனி.

"நீ சும்மா இருடீ."

"இருக்க மாட்டேன். அம்மா பொய் சொல்றா. அவ எல்லாத்தையும் கவனிச்சா. சாப்பிடும்போது எழுந்து திறக்கப் போனவள நான்தான் உட்கார வச்சேன்." அவள் கண் ஃபெலிசிட்டியின் கண்ணை விட்டு இறங்கவில்லை. "மாட்டைப் பத்தி வாயத் திறக்கக் கூடாதுன்னு நான்தான் வாக்கு வாங்கினேன். உங்களுக்கு முன்னாடி எனக்கு வெட்கமா இருந்துச்சு. இப்ப அப்படி நெனச்சதுக்குத்தான் வெட்கமா இருக்கு. இவங்கதான் எனக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தாங்க. அந்தக் குழந்தை பத்திரமா இருக்குன்னா அது இவங்களாலதான். கேட்டைச் சாத்தினது நீங்க இல்ல. நான்."

நெரிஸ் மகளையே பார்த்தாள். மாட்டை ஓட்டியது பெரிசில்லை. ஓட்டத் தெரிந்த பெண்தான். இத்தனை முகங்கள் பார்க்க, சாணி வழியும் கவுனோடு, தன் தப்பைத் தானே எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாளே, அதுதான் பெரிசு. இதை யார் சொல்லிக் கொடுத்தது? நானா? இருக்கலாம். இல்லாவிட்டாலும் நான்தான் என்று வைத்துக்கொள்வேன் என்று நெரிஸ் நினைத்தாள்.

"அட முட்டாள் பெண்ணே," என்று சொல்லி ஃபெலிசிட்டி பிரையனியைக் கட்டிக்கொண்டாள். சாணி அவள் கவுனுக்கும் பரவியது. "எங்கப்பா மீன் கடை வச்சிருந்தார். எங்கிட்ட எப்பவும் என்ன வாசம் அடிச்சிருக்கும்னு நெனைக்கிற?"

ஜூலியன் மரத்தைவிட்டு வெளியே வந்திருந்தான். "இவள்தான் என்னைக் கட்டிக்கப் போறாள்," என்று குடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தான், ஏதோ அவனே கிடாரிகளை ஓட்டியதைப் போல.

நிர்வாகத்துப் பெண் ஐந்து பேருக்கும் டீயும் ஸ்கோன் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். டென்சிலைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. உணவறைப் பசுவின் கால் ஏன் அப்படி இருக்க முடியாது என்று ஃபெலிசிட்டிக்குக் கரண்டியையும் கத்தியையும் வைத்து விளக்கினான். அவள் வாய்பிளந்து கேட்டாள். நடுநடுவே கேள்வியும் கேட்டாள். பிரையனி அவள் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தாள், வெறுங்காலைப் புல்லில் நீட்டிக்கொண்டு. இருவர் மீதும் ஒரே வாசம் அடித்தது.

பக்கத்து மேசையிலிருந்து ஒரு பெரியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"எவ்வளவு லாவகமா ஓட்டினீங்கம்மா! நீங்க இந்த மாளிகைல வேலை பார்க்கிறவங்களா?"

நெரிஸ் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பிரையனி திரும்பினாள். அந்த வரிசை முழுக்கக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.

"இல்லங்க. நாங்க மாட்டுக்காரங்க. நூத்தி நாப்பது கறவை. இவங்க எங்கம்மா, இவங்கதான் எங்க பண்ணைக்குப் பெரிய முதலாளி. சாயந்தரக் கறவைக்கு நேரமாச்சு, இப்ப நானும் கூடப் போறேன்."

"அப்ப நான் யாரு?" என்றான் டென்சில்.

நெரிஸ் நிமிர்ந்து உட்கார்ந்து, புல்தரையிலிருந்த ஒவ்வொரு முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள், எல்லோருக்கும் காது கேட்டதா என்று.